ஆராய்ந்து செய்வதும் வழிபாடே

இறைவனது சக்தியை இச்சை, ஞானம், கிரியை என மூன்றாக வகுத்துக் கூறுவது சைவ மரபு. முருகப்பெருமானின் இரு மருங்கும் நிற்கும் வள்ளியம்மையார் இச்சாசக்தி என்றும், தெய்வயானையம்மையார் கிரியாசக்தி என்றும், திருக்கரத்தில் விளங்கும் வேல் ஞானசக்தி என்றும் பெரியோர் விளக்குவர். விருப்பமும் செயலும் இரு பக்கத்திலும் நிற்க, அறிவு நடுவே நின்று இரண்டையும் நெறிப்படுத்த வேண்டும் என்பது இத்திருக்கோலம் உணர்த்தும் பாடங்களுள் ஒன்றாகும்.

அன்றாட வாழ்விலோ விருப்பமும் செயலும் பெரும்பாலும் கைகோத்து முன்னே ஓடிவிடுகின்றன. அறிவு பின்னால் வந்து, நடந்து முடிந்ததை எண்ணி வருந்துகிறது. வீட்டில் மட்டுமன்றித் தொழில் செய்யும் இடத்திலும் இதுவே நிகழ்கிறது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கமக்காரர், காற்றின் போக்கைப் பார்த்து வள்ளத்தைக் கடலில் இறக்குபவர், கந்தோரில் கோப்புப் பார்க்கும் எழுதுவினைஞர், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர், கடை நடத்துபவர், கனடாவிலோ பிரான்சிலோ தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளை, ஆலயத்தின் வரவு செலவைக் கவனிக்கும் பரிபாலன சபையினர் ஆகிய எல்லோரும் நாள்தோறும் ஏதோவொரு சிக்கலை எதிர்நோக்கி, ஏதோவொரு முடிவை எடுத்துக்கொண்டே இருக்கின்றனர்.

சிக்கலைத் தீர்த்தல், ஆராய்ந்து சிந்தித்தல், தீர்மானம் எடுத்தல் ஆகியவற்றை இக்காலத்தில் தொழில் திறன்கள் எனக் கூறிப் பாடசாலைகளிலும் நிறுவனங்களிலும் பயிற்சி அளிக்கின்றனர். அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “மேலிடத்தில் சொன்னதைச் செய்தேன், வழக்கப்படி செய்தேன்” என்று ஒருவர் கூறினால் அவரது கடமை அத்துடன் முடிந்துவிடுகிறதா? தொழிலில் சிந்தித்துச் செயற்படுவது வெறும் திறமை மட்டுந்தானா, அல்லது அறமும் ஆகுமா? இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்கல் எது என்று அறிதல்

சாட்டியில் வாழ்பவர்களுக்கு இதனை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. கிணறு ஒன்றே போதும். சுற்றிலும் உப்புக்கடல் சூழ்ந்திருக்க, மணற்பாங்கான நிலத்தில் அதிக ஆழமில்லாமலே நன்னீர் கிடைப்பது இவ்வூருக்கு இறைவன் அளித்த பெருங்கொடையாகும். தீவகத்தின் பல இடங்களில் சவர்த் தண்ணீரே ஊறுவதால், சாட்டிப் பகுதிக் கிணற்று நீர் அயலூர்களுக்கும் பவுசர்களில் சென்று அங்குள்ளோரின் தாகம் தீர்த்து வந்துள்ளது.

கோடை முற்றும்போது கிணற்றின் நீர்மட்டம் இறங்குகிறது. உடனே தோன்றும் தீர்வு, கிணற்றை இன்னும் ஆழமாக்குவதும் வலுக்கூடிய பம்ப் ஒன்றைப் பூட்டுவதுமாகும். வேறு நிலப்பகுதிகளில் இது பொருந்தக்கூடும். தீவுக்கு இது பொருந்தாது. இங்கு நிலத்தின் கீழ் வெளியிலிருந்து ஆறெதுவும் ஓடி வருவதில்லை. மாரி மழை மணலூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மூக்குக்கண்ணாடி வில்லை போன்ற வடிவில் மிதந்து நிற்கிறது. உவர்நீர் சற்றுக் கனமானது. நன்னீர் அதனிலும் இலேசானது. அதனாலேயே ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த பாடன் கைபன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், வடகடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்த ஜேர்மனியரான ஹெர்ஸ்பெர்க் 1901ஆம் ஆண்டிலும் இதற்கு ஒரு கணக்கைக் கண்டு கூறினர். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. இதனைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் உண்டாகும். மேலே 1 அடி நீர் நிரந்தரமாகக் குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர்நீர் 40 அடி வரை மேலெழுவதற்கு இடமுண்டு.

ஆகவே தீவில் கிணற்றை ஆழமாக்குபவர் உவரை நோக்கியே தோண்டுகிறார். பெரிய பம்ப் பூட்டி ஓரிடத்திலிருந்து ஓயாது இறைப்பவர் உவரை மேலே அழைக்கிறார். அவர் சோம்பேறி அல்லர், பாடுபட்டே உழைக்கிறார். ஆனால் சிக்கலைப் பிழையாக விளங்கிக் கொண்டமையால் அவர் படும் பாடே கேட்டைப் பெருக்குகிறது. “கிணற்றில் நீர் காணாது” என்பது வெளியே தெரியும் அறிகுறி. மாரியில் விழுந்த மழையில் எவ்வளவு நிலத்துள் தங்கியது, கோடையில் எவ்வளவு வெளியே எடுக்கப்படுகிறது என்பதே உண்மையான சிக்கல். இப்படிக் கேட்டால் தீர்வும் மாறிவிடும். குளங்களையும் கேணிகளையும் தூர்வாருதல், மழைநீர் கடலுக்கு ஓடாது மறித்தல், மணலை அள்ள விடாது காத்தல், ஒரு கிணற்றை வருத்தாமல் பல கிணறுகளில் சிறிது சிறிதாக எடுத்தல் என வழிகள் பல தோன்றும்.

இதில் அறமும் கலந்திருக்கிறது. காணி உறுதியில் நான்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். நிலத்தடி நீருக்கு அவ்வெல்லைகள் தெரியாது. ஒருவர் தமது வளவில் ஆராயாமல் எடுத்த முடிவினால் அயலவரின் கிணறு சவராகிவிடக்கூடும். சவரான கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும். அப்படியாயின், சிந்தியாமல் வேலை செய்வது தமக்கு மட்டும் நட்டம் தரும் காரியம் அன்று. பிறருக்கு இழைக்கும் தீங்காகவும் அது ஆகிவிடுகிறது.

“ஏன்” என்று கேட்டல்

யப்பான் நாட்டின் ரொயோட்டா மோட்டார் நிறுவனத்தில் தொழிற்சாலை முறைகளைச் சீர்ப்படுத்திய தையிச்சி ஓனோ என்பவர், எந்தக் குறை நேர்ந்தாலும் “ஏன்” என்று ஐந்து முறை கேட்குமாறு தொழிலாளரைப் பழக்கினார். அவர் கூறிய எடுத்துக்காட்டு எளிமையானது. இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி பியூஸ் எரிந்துவிட்டது. சுமை ஏன் கூடியது? சுழலும் பாகத்துக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி பூட்டாமையால் இரும்புத்தூள் உள்ளே புகுந்துவிட்டது. முதலாவது விடையுடன் நின்றவர் புதிய பியூஸ் ஒன்றைப் போட்டிருப்பார். சில நாட்களில் இயந்திரம் மீண்டும் நின்றிருக்கும். ஐந்தாவது விடை வரை சென்றவர் ஒரு வடிகட்டியைப் பூட்டினார்; குறை தீர்ந்தது.

கந்தோர் வேலைக்கும் இது பொருந்தும். தீவக மக்கள் 1990, 1991ஆம் ஆண்டுகளில் உடுத்த உடையுடன் இடம்பெயர்ந்தபோது பலரின் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் அழிந்து போயின. அப்படிப்பட்ட ஒருவர் விண்ணப்பம் ஒன்றைக் கொண்டு வருகிறார் எனக் கொள்க. ஒரு பத்திரத்தில் பெயர் ஓர் எழுத்து மாறியுள்ளது. இன்னொரு பத்திரம் இல்லை. “ஆவணம் பொருந்தவில்லை” என்று எழுதித் திருப்பி அனுப்புவது சுற்றுநிருபத்தின்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சுற்றுநிருபம் ஏன் ஆவணம் கேட்கிறது? வேறொருவர் ஏமாற்றிப் பெற்றுவிடக் கூடாது என்பதற்காக. இவர் இன்னார்தான் என்பதை உறுதிசெய்ய வேறு வழி சட்டத்தில் உண்டா? பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்கு மாற்று ஏற்பாடுகள் சட்டத்திலேயே உள்ளன. அவற்றை விண்ணப்பதாரருக்கு எடுத்துக் கூறுபவர் விதியை மீறவில்லை. விதியின் நோக்கத்தையே நிறைவேற்றுகிறார். ஒரு முதியவர் பத்து முறை பேருந்தில் அலைவதும் ஒரே முறையில் காரியம் முடிந்து வீடு செல்வதும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஒரு “ஏன்” கேட்டாரா இல்லையா என்பதில் தங்கியுள்ளது.

கண்டது, கருதியது, கேட்டது

ஆராய்ந்து சிந்தித்தல் மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த கலை என்று எண்ணுவோர் உளர். 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் சுபக்கம் அளவையுடன் தொடங்குகிறது. இறைவன், உயிர், உலகம் பற்றிப் பேசுமுன், ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது என்பதை அந்நூல் முதலில் நிறுவிக் கொள்கிறது. காட்சி, கருதல், உரை என்பன முக்கியமான அளவைகள். கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். புகையைக் கண்டு நெருப்புண்டு என அறிவது போல. நம்பத் தகுந்தோர் கூறுவது உரை.

காட்சியிலும் குற்றம் நேரலாம் என அறிந்தே ஐயம், திரிபு என இரு குற்றங்களைப் பெரியோர் எடுத்துக் கூறினர். மங்கிய பொழுதில் கிடப்பது கயிறோ பாம்போ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றையே பாம்பு என முடிவு செய்து ஓடுவது திரிபு. ஐயத்தைவிடத் திரிபு ஆபத்தானது. ஐயமுடையவர் விளக்கைக் கொண்டு வந்து பார்ப்பார். திரிபுடையவருக்கோ விளக்கின் தேவையே தோன்றாது.

இதற்கு உலக வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் கொலரா எனப்படும் வாந்திபேதி பரவி, பத்து நாட்களுள் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினாலேயே இந்நோய் வருகிறது என்பது அக்கால மருத்துவர் பலரின் முடிந்த முடிபு. ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் அதனை ஏற்காமல், இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தார். அவை புரோட் வீதியில் இருந்த, பம்ப் பூட்டிய ஒரு கிணற்றைச் சுற்றியே நெருங்கியிருந்தன.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. தமது கருத்துக்குப் பொருந்தாதவை போலத் தோன்றியவற்றையே தேடிச் சென்றார். கிணற்றின் அருகில் இருந்த மதுபானச் சாலையின் தொழிலாளர் ஏன் சாகவில்லை? அவர்கள் அங்கு வடித்த பியரையே குடித்தனர். அவர்களுக்குத் தனிக் கிணறும் இருந்தது. 500க்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஏழைகள் விடுதியில் ஏன் ஐவர் மட்டுமே இறந்தனர்? அங்கும் தனிக் கிணறு இருந்தது. தொலைவில் ஹாம்ஸ்ரெட் என்னுமிடத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டி ஏன் இறந்தார்? முன்பு குடியிருந்த இடத்து நீரின் சுவையை விரும்பி, அதே கிணற்று நீரை வண்டியில் வருவித்துக் குடித்து வந்தார். காற்றுத்தான் காரணம் என்றால் இவற்றுக்கு விளக்கம் இல்லை. நீர் காரணம் என்றால் எல்லாம் பொருந்திவிடுகின்றன. செப்டெம்பர் 8ஆம் திகதி அக்கிணற்றுப் பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. நோயின் கிருமியை ரொபேட் கொக் 1884ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்னரே, கண்டதையும் கருதியதையும் மட்டும் கொண்டு ஒருவர் உண்மையை அடைந்துவிட்டார்.

மேலும் ஒரு சிறப்பு உண்டு. கைபிடி கழற்றப்படுவதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோ தாமே எழுதி வைத்தார். தமது செயலுக்கு உரியதற்கு மேலாகப் புகழ் தேடாமையும் ஆராய்ச்சியின் நேர்மையே. ஒரு காரியம் நன்றாக முடிந்ததும் அது தம்மாலேயே முடிந்தது எனக் கூறும் ஆவல் எந்தச் சபையிலும் உண்டல்லவா?

மறுபக்கத்தைக் கேட்டல்

சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பரபக்கம் பிறர் கொள்கைகளைக் கூறுவது. சுபக்கம் தன் கொள்கையை நிறுவுவது. உலகாயதர் முதலாகப் பதினான்கு கொள்கையினர் கூறுவனவற்றை முதலில் எடுத்துரைத்து, அவற்றுக்கு மறுமொழி சொன்ன பின்னரே ஆசிரியர் தம் கொள்கைக்கு வருகிறார். மறுப்பவர் கூற்றை முழுமையாகச் சொல்லத் தெரியாதவருக்கு அதனை மறுக்கும் தகுதி இல்லை என்ற நேர்மை இம்முறையில் அடங்கியுள்ளது. கூட்டங்களில் இம்முறை கைக்கொள்ளப்பட்டால் பாதி வாக்குவாதங்கள் எழமாட்டா.

முன்னர் கூறிய சோஹோ பகுதியில் ஹென்றி வைற்ஹெட் என்ற இளம் பாதிரியார் பணிபுரிந்தார். ஸ்னோவின் கருத்துப் பிழையானது என நிறுவுவதற்காகவே அவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ கூறியதே சரியென அவருக்குத் தெளிவாயிற்று. கிணற்றின் அருகேயிருந்த வீட்டில் நோயுற்ற ஒரு குழந்தையின் அழுக்கு, கிணற்றை ஒட்டியிருந்த மலக்குழிக்குள் சென்றதைக் கண்டறிந்து, ஸ்னோவின் கருத்துக்கு வலுவான சான்றை அளித்தவரும் அவரே. மறுக்கப் புறப்பட்டவர் உண்மைக்குத் தலைவணங்கினார். மணற்பாங்கான ஊரில் மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் விட வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் வலியுறுத்துவதன் காரணமும் இதுவேயாகும்.

வடமாகாணத்தின் குடிநீர் விடயத்திலும் மறுபக்கம் கேட்பதன் அருமை வெளிப்பட்டது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதை உள்ளடக்கிய திட்டத்துக்கு 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவி வழங்க ஒப்புக்கொண்டது. யாழ்ப்பாணத்தவரின் தாகம் உண்மையானது. கிளிநொச்சிக் கமக்காரர்களோ தமது சிறுபோகத்துக்கே நீர் போதாத ஆண்டுகள் உண்டு என்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது அச்சமும் உண்மையானதே. நெடுநாள் வாதப் பிரதிவாதங்களுக்குப் பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவு செய்யப்பட்டு, வடமராட்சி கிழக்கின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரவல்ல நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது.

இதில் யார் வென்றார் என்று பார்ப்பதிலும், கற்க வேண்டியதைப் பார்ப்பதே நன்று. இரு பக்கத்தாரும் தமிழ் மக்களே. இரு பக்கத்தாரும் உழைப்பவர்களே. குளத்தின் கீழ் விதைப்பவரை முதலில் கேட்டிருந்தால் காலமும் மனக்கசப்பும் மிஞ்சியிருக்கும். எந்த முடிவாயினும் அதன் பாரத்தைச் சுமக்கப் போகிறவர் யார், அவரிடம் கேட்கப்பட்டதா என்பதே முதற் கேள்வியாக வேண்டும். கிணற்று நீர் சவராகத் தொடங்குவதை முதலில் அறிபவர் தேநீர் வைக்கும், சோறு சமைக்கும் தாய்மாரே. நீர் பற்றிக் கூடும் கூட்டத்தில் அவர்களின் குரல் ஒலிக்காவிட்டால், முக்கிய சாட்சியை அழைக்காமல் வழக்கு விளங்கியதாகவே முடியும்.

முடிவெடுத்தல்

ஆராய்ச்சி எவ்வளவு நீண்டாலும் ஒருநாள் முடிவெடுத்தே ஆகவேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஆறு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். 47 முதல் 52 வரையான அவ்வதிகாரங்களின் தலைப்புகளே ஒரு பணியாளர் தம் மேசையில் எழுதி வைக்கத்தக்க வரிசையாகும். வரவையும் இழப்பையும் எண்ணினோமா என்று கேட்பது, இயலுமா என்று பார்ப்பது, பொழுது சரியா, இடம் சரியா, ஆள் சரியா, அவருக்குரிய வேலை எது என்று தேர்வது என அந்த வரிசை செல்கிறது. செய்யத் தகாததைச் செய்வது மட்டுமன்றிச் செய்ய வேண்டியதைச் செய்யாது விடுவதும் கேடு என்பது அப்பெருமகனாரின் கருத்து. ஆகவே, “இன்னும் யோசிப்போம்” என்று கோப்பை அடியில் வைப்பது சிந்தனை ஆகாது. அதுவும் ஒரு முடிவே. பொறுப்பை ஏற்காமல் எடுத்த முடிவு.

எதற்கு விரையலாம், எதற்குத் தாமதிக்க வேண்டும் என்பதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. பிழைத்தால் திருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். திருவிழாவில் பந்தல் போடும் இடம் பிழைத்தால் அடுத்த ஆண்டு மாற்றிவிடலாம். அதற்கு மூன்று கூட்டம் தேவையில்லை. பழைய கருங்கல் தூணை இடித்துவிட்டாலோ, நூறாண்டு நின்ற மரத்தைத் தறித்துவிட்டாலோ, நன்னீர்க் கிணற்றைச் சவராக்கிவிட்டாலோ திருத்துவது அரிது. அங்கே பொறுமை வேண்டும்.

ஈழத்தில் கண்ணகை அம்மனாக வழிபடப்படும் கற்புத் தெய்வத்தின் கதை இதனை நெஞ்சில் தைக்குமாறு கூறுகிறது. பாண்டியன் அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும்போது பொற்கொல்லன் வந்து கோவலனைக் கள்வன் என்றான். மன்னன் கொண்டது உரையளவை ஒன்றையே. அதுவும் தானே களவு செய்த ஒருவனின் உரை. காட்சியால் சோதிக்க வழி இருந்தது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு கணம் போதும். அச்சோதனை கோவலன் மாண்ட பின்னர்தான் நடந்தது. திருத்த முடியாத முடிவு முதலிலும், எளிய சோதனை பின்னரும் நிகழ்ந்தமையே மதுரை எரிந்ததற்குக் காரணமாயிற்று.

பலர் கவனியாது விடும் இன்னொரு செய்தியும் சிலப்பதிகாரத்தில் உண்டு. கோவலனைக் கண்ட காவலர் சிலருக்கு இவன் கள்வன் அல்லன் என்றே தோன்றியது. அவர்கள் அதனைப் பொற்கொல்லனிடம் கூறவும் செய்தனர். அவனது சாதுரியமான பேச்சில் அவர்களின் ஐயம் அடங்கிப் போயிற்று. அவர்களுள் ஒருவராவது அரசனிடம் திரும்பிச் சென்று ஐயத்தைத் தெரிவித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. சொன்னதைச் செய்வது கடமையின் பாதி. சொன்னதில் ஐயம் எழுந்தால் அதனைச் சொன்னவரிடமே பணிவுடன் எடுத்துரைப்பது மற்றப் பாதி. அரசாங்கக் கந்தோர்களில் கீழ்நிலை எழுதுவினைஞரும் கோப்பில் தம் குறிப்பை எழுதி மேலே அனுப்பும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. முடிவெடுப்பது மேலதிகாரியின் பொறுப்பு. கண்ட உண்மையைக் குறிப்பில் எழுதுவது எழுதுவினைஞரின் பொறுப்பு. ஒருவர் மற்றவரின் பொறுப்பைச் சாட்டித் தப்ப இயலாது.

ஆணவம் என்னும் திரை

இவ்வளவும் தெரிந்திருந்தும் படித்தவர்களும் அனுபவமுள்ளவர்களும் பிழையான முடிவுகளை விடாப்பிடியாகப் பற்றி நிற்பது ஏன்? இதற்குச் சைவசித்தாந்தம் கூறும் விடை ஆழமானது.

சகல ஆகமங்களையும் கற்றுச் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற பெரியார், மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுருவாக விளங்கினார். வயதில் மிக இளையவரான மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் மாணவர் சூழப் பாடம் சொல்வதை அறிந்து அங்கு சென்ற அவர், ஆணவத்தின் வடிவம் யாது என்று கேட்டார். மெய்கண்டார் ஒன்றும் பேசாமல் அவரையே ஏற இறங்க நோக்கினார் என்பது மரபுவழி வரும் வரலாறு. பண்டிதர் அக்கணமே உணர்ந்து இளையவரின் திருவடியில் வீழ்ந்தார். அவரே அருணந்தி சிவாசாரியார் எனப் பெயர்பெற்று, அளவையும் பரபக்கமும் அடங்கிய சிவஞான சித்தியாரை உலகுக்குத் தந்தவர். தாம் அறிந்தது போதாது என்பதை அறிந்த பின்னரே அவர் அந்நூலை அருளினார் என்பது சிந்திக்கத்தக்கது.

தொழிலிடத்தில் ஆணவம் பெரிய உருவத்தில் வருவதில்லை. “இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறோம்” என்ற சொல்லில் வரும். “நேற்று வந்த பொடியனுக்கு என்ன தெரியும்” என்ற எண்ணத்தில் வரும். “ஒருமுறை சொல்லிவிட்டேன், இனி மாற்றினால் மரியாதை என்னாவது” என்ற தயக்கத்தில் வரும். இவை வந்த இடத்தில் கண் கண்டதைக் காணாது. காது கேட்டதைக் கேளாது. பாண்டியன் ஆராயாமல் முடிவெடுத்தது பெரும் பிழை. ஆயினும் மாணிக்கம் தெறித்த கணத்தில் அவன் வாதாடவில்லை. பொற்கொல்லன் மேல் பழியைச் சுமத்தவும் இல்லை. குற்றம் தன்னுடையதே என்று கூறி அரியணையிலேயே உயிர் துறந்தான். உண்மை வெளிப்பட்ட பின்னர் அதனை ஏற்பதில் அவன் காட்டிய நேர்மை இன்றும் போற்றப்படுகிறது. உயிர் போகுமுன்னரே அந்த நேர்மையைக் காட்டும் வாய்ப்பு இன்றைய பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது.

நிறைவுரை

ஆராய்ந்து செயற்படுவதற்குப் பெரிய பட்டங்கள் வேண்டியதில்லை. பள்ளி செல்லும் பிள்ளை “ஏன்” என்று கேட்கும்போது அதட்டி அடக்காமல் விடை தேட உதவுவது முதற்படி. வீட்டிலும் தொழிலிலும் ஒரு காரியத்தைத் தொடங்குமுன் சிக்கல் எது, கண்டது எது, கேட்டது எது, யாரைக் கேட்கவில்லை, பிழைத்தால் திருத்தலாமா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்பது இரண்டாம் படி. ஆலயக் கூட்டங்களில் மாறான கருத்தைக் கூறுபவரைப் பகைவராக எண்ணாமல், அவர் கூற்றையும் கூட்ட அறிக்கையில் பதிவது மூன்றாம் படி.

திருக்கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வது போல, தொழிலிடத்தின் வாயிலில் “தான்” என்னும் முனைப்பைக் கழற்றிவிட்டுச் சென்றால் அங்கு செய்யும் வேலையும் தொண்டாகும். முன்னோர் பாதுகாத்துத் தந்த சாட்டியின் நன்னீர் வரும் தலைமுறைக்கும் நன்னீராகவே கிடைப்பது, இன்று கிணற்றடியிலும் கந்தோரிலும் சபையிலும் எடுக்கப்படும் சிறு சிறு முடிவுகளில் தங்கியிருக்கிறது. அடியார்கள் யாவரும் ஆராய்ந்து தெளிந்து, தெளிந்ததைத் தயங்காமற் செய்து, நலமும் வளமும் பெற்று வாழ எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணைநிற்பதாக.